மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பதில்

(வாசகர் கேள்வி – பதில்)

புதிய ஏற்பாட்டில் வரும் யூதரல்லாதவர்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்று போன இதழில் ஆசிரியர் ஒரு பெட்டிச் செய்தி போட்டுவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முப்பத்தொரு வருஷம் கிரேக்கம் சொல்லிக்கொடுத்தவள் இப்போது வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்ற தைரியம். வந்த கடிதங்களில் பாதிக்கு ஒரே கேள்வி. அதை ஒருமுறைதான் எடுத்திருக்கிறேன். பெயர்களை விட்டுவிட்டேன். இனி கேள்விகள்.

கேள்வி: யூதரல்லாதவர்களைக் குறிக்க வேதாகமத்தில் வரும் ‘புறஜாதியார்’ என்ற சொல் காதில் விழும்போதே உறுத்துகிறது. அந்தக் காலத்து யூதர்களிடமும் சாதி இருந்ததா? (ஒரு பள்ளி ஆசிரியை)

உறுத்துவது நியாயம்தான். ஆனால் உறுத்தல் தமிழில்தான் இருக்கிறது, கிரேக்கத்தில் இல்லை. மூலத்தில் உள்ள சொல் ‘எத்னே’. ‘எத்னோஸ்’ என்பதன் பன்மை. மக்களினங்கள் என்று பொருள். அதற்குப் பின்னால் எபிரேயத்தின் ‘கோயிம்’ நிற்கிறது. பழைய மொழிபெயர்ப்பாளர்களின் தமிழில் ‘ஜாதி’ என்றால் இனம், தேசத்து மக்கள். ஆபிரகாமுக்குக் கிடைத்த வாக்குறுதியே “உன்னைப் பெரிய ஜாதியாக்கி” என்றுதான் வருகிறது. யாத்திராகமம் 19-இல் இஸ்ரவேலின் பட்டம் ‘பரிசுத்த ஜாதி’. இரண்டு இடத்திலும் எபிரேயத்தில் இருப்பது ‘கோய்’.

ஆக ஒருமையில் சொன்னால் நாம், பன்மையில் சொன்னால் அவர்கள். கப்பர்நகூம் என்ற ஊரின் நூற்றுக்கு அதிபதியை, அதாவது நூறு வீரர்களின் தலைவனை, பற்றி யூத மூப்பர்கள் “அவன் நம்முடைய ஜனத்தை நேசிக்கிறான்” என்று இயேசுவிடம் பரிந்து பேசுகிறார்களே, அங்கே ‘ஜனம்’ என்று இருப்பதும் இதே ‘எத்னோஸ்’தான்.

எனக்கு ‘புறஜாதி’யைவிட உறுத்துவது வேறொரு சொல்: ‘அஞ்ஞானி’. “அஞ்ஞானிகளைப்போல வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்” என்று மலைப்பிரசங்கத்தில் வருகிறது. கிரேக்கத்தில் அங்கே ‘எத்னிகோய்’ என்று இருக்கிறது, வேற்றினத்தார், அவ்வளவுதான். அறிவு, அறியாமை பற்றி அந்தச் சொல்லில் ஒரு எழுத்துகூடக் கிடையாது. பிற்காலத்துப் பொது மொழிபெயர்ப்பு ‘பிற இனத்தார்’ என்று போட்டபோது எனக்கு மூச்சு விட முடிந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். எபேசுவில் பிறந்த ஒருவன் தன்னை எபேசியன் என்பான், கிரேக்கன் என்பான். ‘நான் ஒரு எத்னே’ என்று காலையில் எழுந்து சொல்லிக்கொண்டவன் எவனும் இல்லை. உள்ளே இருப்பவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்து வைத்த பெயர் அது.

கேள்வி: உதவி கேட்டு வந்த ஒரு தாயை இயேசு நாய் என்று சொன்னாரா? பிரசங்கங்களில் ‘அது செல்லமான நாய்க்குட்டி’ என்கிறார்கள். உண்மை என்ன? (இருபத்திரண்டு கடிதங்கள், அதில் ஒன்று மிகக் கோபமானது)

கோபக் கடிதத்துக்கு முதலில் நன்றி. இந்தக் கதையைப் படித்துக் கோபப்படாதவர்கள் அதைச் சரியாகப் படிக்கவில்லை என்பது என் கட்சி.

கதை மாற்கு 7-இலும் மத்தேயு 15-இலும் இருக்கிறது. இயேசு கலிலேயாவை விட்டு வடக்கே, தீரு பட்டணத்தின் எல்லைப் பகுதிக்குப் போகிறார். ஒரு பெண் வந்து காலில் விழுகிறாள். மகளுக்குப் பேய் பிடித்திருக்கிறது. “முந்திப் பிள்ளைகள் திருப்தியடையட்டும், பிள்ளைகளின் அப்பத்தை எடுத்து நாய்க்குட்டிகளுக்குப் போடுகிறது நல்லதல்ல” என்கிறார். அவள் விடவில்லை. மேஜையின் கீழிருக்கும் நாய்க்குட்டிகள் பிள்ளைகள் சிந்தும் துணிக்கைகளைத் தின்னுமே, ஆண்டவரே, என்கிறாள்.

நாய்க்குட்டிகளுக்குக் கிரேக்கத்தில் இருக்கும் ‘கியூனாரியா’ என்ற சொல் இலக்கண வடிவத்தில் சிறுமைப்பெயர்தான் (ஒன்றைச் சின்னதாக்கிச் சொல்லும் வடிவம்), மறுக்கவில்லை. ஆனால் மாற்கு சிறுமைப்பெயர்ப் பிரியர். இந்தச் சின்னக் கதையிலேயே மகளுக்கு ‘குட்டி மகள்’ வடிவம், துணிக்கைக்கு ‘சிறு துணிக்கை’ வடிவம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். அந்தக் காலத்துப் பேச்சுக் கிரேக்கத்தில் இந்த வடிவங்கள் பெரும்பாலும் தேய்ந்துபோனவை. ஆகவே நாய்க்குட்டியைச் செல்லப்பிராணி ஆக்கி இந்த வசனத்துக்குச் சர்க்கரை தடவ முடியாது. குட்டியோ கிழடோ, நாய் நாய்தான். என் மாணவர்கள் வருஷா வருஷம் தடவிப் பார்ப்பார்கள். விடைத்தாளில் அதற்கு நான் மதிப்பெண் போட்டதில்லை.

அதற்குப் பதிலாகச் சில விஷயங்களைப் பார்க்கலாம். தீரு ஏழை ஊர் அல்ல. வாணிபத்தில் கொழுத்த துறைமுகம். அந்த ஊர் வெள்ளிக்காசில் மெல்கார்ட் என்ற அதன் தெய்வத்தின் முகம் பொறித்திருக்கும். அப்படியும் எருசலேம் ஆலய வரிக்கு அந்தக் காசைத்தான் கேட்டார்கள், வெள்ளி அவ்வளவு சுத்தம். ஆனால் சோற்றுக்கு அந்தக் கடற்கரை உள்நாட்டையே நம்பியிருந்தது. ஏரோதின் நாட்டிலிருந்து தீருவுக்கும் சீதோனுக்கும் உணவு போனது என்று அப்போஸ்தலர் நடபடிகள் 12 போகிறபோக்கில் சொல்கிறது. அந்தக் கடற்கரையில் வாழ்ந்த பீனிக்கியரிலேயே தீரு மக்கள்தான் நமக்குப் பெரும் பகைவர் என்று யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதுகிறார். இந்தப் பின்னணியில் “பிள்ளைகளின் அப்பத்தை எடுத்து” என்ற வார்த்தையைத் திரும்பப் படியுங்கள். கலிலேய விவசாயி ஒருவன் காதில் அது உவமையாக மட்டும் விழுந்திருக்காது. அவள் பரம ஏழையும் அல்ல போலிருக்கிறது. வீட்டில் மகள் படுத்திருப்பது நல்ல கட்டிலுக்குரிய சொல்லால் குறிக்கப்படுகிறது. வேறிடங்களில் ஏழையின் படுக்கைக்கு மாற்கு வேறு சொல் வைத்திருக்கிறார்.

இதனால் அந்த வார்த்தை இனித்துவிடாது. யார் பக்கம் பலம் என்ற கணக்குதான் கொஞ்சம் மாறும்.

அடுத்தது, இரண்டு சுவிசேஷங்களும் அவளை ஒரேமாதிரி எழுதவில்லை. மாற்கு அவளைக் கிரேக்கப் பெண், சீரோபேனிக்கியா தேசத்தாள் என்கிறார். அவருடைய காலத்துப் பேச்சு அது. மத்தேயுவோ ‘கானானிய ஸ்திரீ’ என்கிறார். அந்தக் காலத்தில் கானானியர் என்று ஒரு இனம் நடைமுறையிலேயே இல்லை. யோசுவா காலத்துப் பழம்பகையை, வேண்டுமென்றே, தூசி தட்டி எடுத்து அவள் தலையில் வைக்கிறார். பிறகு சீஷர்களை விட்டு ‘இவளை அனுப்பிவிடும்’ என்று சொல்லவைக்கிறார். “காணாமற்போன ஆடுகளாகிய இஸ்ரவேல் வீட்டாரிடத்திற்கு அனுப்பப்பட்டேனேயன்றி” என்ற மறுப்பையும் சேர்க்கிறார். இவ்வளவு கதவையும் சாத்திவிட்டு, முடிவில் “உன் விசுவாசம் பெரிது” என்று திறக்கிறார். மாற்கில் விசுவாசம் என்ற பேச்சே இல்லை. “நீ சொன்ன இந்த வார்த்தையினிமித்தம்” என்று மட்டும் இருக்கிறது. வாதத்தில் ஜெயித்தாள், போனாள்.

எங்கள் பாட்டிக்கு மாற்குதான் பிடிக்கும். மாலை வாசிப்பில் இந்த அதிகாரம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரிப்பார்: “பாரு, அவரையே மடக்கிட்டா.” சுவிசேஷங்களில் பரிசேயரும் சதுசேயரும் வேதபாரகரும் இயேசுவோடு வாதாடித் தோற்கிறார்கள். வாதத்தில் அவரைத் திருப்பியவள் என்று காட்டப்படும் ஒரே ஆள், ஊர் பேர் தெரியாத இந்த வேற்றினத்துப் பெண். அதை மாற்கு மறைக்காமல் எழுதியிருக்கிறாரே, அது எனக்கு இன்றுவரை ஆச்சரியம். லூக்கா இந்தக் கதையையே எடுத்துக்கொள்ளவில்லை. யூதரல்லாதவர்களின் நண்பர் என்று பெயரெடுத்தவர் அவர். ஏன் விட்டார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் எத்தனை பேர்? ராஜாக்களா?

மூன்று காணிக்கைகளை மத்தேயு பெயர் சொல்லி அடுக்குகிறார், ஆட்களை எண்ணவில்லை. ராஜா என்றும் சொல்லவில்லை. அவர் சொல் ‘மாகோய்’. பழைய தமிழ் வேதாகமம் அழகாகச் ‘சாஸ்திரிகள்’ என்றது. அப்போஸ்தலர் 13-இல் சீப்புரு (சைப்ரஸ்) தீவில் பவுலை எதிர்த்துப் பார்வை இழக்கும் பர்யேசுவுக்கும் கிரேக்கத்தில் இதே சொல்தான், ‘மாகோஸ்’. அவனை மட்டும் ‘மாயவித்தைக்காரன்’ என்று மொழிபெயர்த்தார்கள். வேடிக்கை என்னவென்றால், சாஸ்திரி ஆனவர்கள் வேற்றினத்தார். மாயவித்தைக்காரன் ஆனவன் யூதன்.

கேள்வி: சமாரியர் புறஜாதியாரா, இல்லையா? நல்ல சமாரியன் கதையைச் சொல்லும்போது ‘வேற்று மதத்தவன்’ என்கிறார்களே? (ஞாயிறு பள்ளி நடத்துபவர்)

அப்படிச் சொல்லிக்கொடுக்காதீர்கள். சமாரியரிடமும் மோசேயின் ஐந்து ஆகமங்கள் இருந்தன. ஓய்வுநாள், விருத்தசேதனம் எல்லாம் உண்டு. ஆலயம் எருசலேமிலா, கெரிசீம் மலையிலா என்பதில்தான் பெரிய வழக்கு. கெரிசீம் ஆலயத்தை கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யூத ஆட்சியாளர் யோவான் ஹிர்கானு இடித்தார். பங்காளிச் சண்டைக்கு உரிய கசப்பு அது. அந்நியனோடு சண்டை போட்டால் ஆறும், பங்காளியோடு ஆறாது. மத்தேயு 10-இல் இயேசு சீஷர்களை அனுப்பும்போது புறஜாதியார், சமாரியர், இஸ்ரவேல் வீட்டார் என்று மூன்றாகத்தான் பிரிக்கிறார். சமாரியர் நடுவில் நிற்கிறார்கள்.

லூக்கா கதையை வைத்திருக்கும் இடத்தையும் பாருங்கள். 9-ஆம் அதிகாரத்தில் ஒரு சமாரியக் கிராமம் இயேசுவுக்கு இடம் கொடுக்க மறுக்கிறது. யாக்கோபும் யோவானும் வானத்திலிருந்து அக்கினியை இறக்கட்டுமா என்று கேட்கிறார்கள். அடுத்த அதிகாரத்தில் நல்ல சமாரியன். மறுத்த ஊர்க்காரனையே கதாநாயகன் ஆக்கிச் சொன்ன கதை அது.

ஆனால் உங்கள் கேள்விக்கு இன்னொரு பக்கம் உண்டு. லூக்கா 17-இல் பத்துக் குஷ்டரோகிகள் குணமாகிறார்கள். நன்றி சொல்லத் திரும்புகிறவன் ஒரே ஒருவன், சமாரியன். அவனை இயேசு ‘அந்நியன்’ என்கிறார். கிரேக்கத்தில் ‘அல்லோகெனேஸ்’. புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்தச் சொல் இந்த ஒரே இடத்தில்தான் வருகிறது.

இதே சொல்லை நான் இன்னோரிடத்தில் பார்த்திருக்கிறேன். பணி ஓய்வுக்கு முந்தின வருஷம் இஸ்தான்புல் தொல்லியல் அருங்காட்சியகத்தில், ஒரு சுண்ணாம்புக்கல் முன்னால் நின்றேன். 1871-இல் எருசலேமில் பிரெஞ்சு ஆய்வாளர் ஷார்ல் கிளெர்மோன்-கானோ கண்டுபிடித்தது. ஏரோது கட்டிய ஆலயத்தின் உள்பிராகாரத்தைச் சுற்றி இடுப்புயரக் கைப்பிடிச் சுவர் போல ஒன்று இருந்தது. அதில் பதித்திருந்த எச்சரிக்கைக் கற்களில் ஒன்று. ஏழு வரி, எல்லாம் பெரிய எழுத்து, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. ‘அல்லோகெனேஸ் எவனும் இந்தத் தடுப்புக்கு உள்ளே வரக்கூடாது, பிடிபடுகிறவன் தனக்கு நேரும் மரணத்துக்குத் தானே பொறுப்பு’ என்பது சாரம். விரலால் காற்றில் எழுத்துக்கூட்டிக்கொண்டே போனேன். காவலாளி என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். முதல் வரியிலேயே அந்தச் சொல் வந்துவிட்டது. வகுப்பறையில் நூறுமுறை சொல்லிக்கொடுத்த சொல். கல்லில் பார்த்தபோது வயிற்றில் ஏதோ செய்தது.

லூக்கா அந்தக் கல்லை நினைத்துக்கொண்டுதான் இந்தச் சொல்லைப் போட்டாரா என்று நிரூபிக்க முடியாது. ஆனால் அவர் எழுதிய அப்போஸ்தலர் நடபடிகளில் பவுல் கைதாவது இந்தச் சுவரால்தான். எபேசியனான துரோப்பீமுவை உள்ளே கூட்டிவந்துவிட்டான் என்று கூச்சல் எழுகிறது. கூட்டிவரவில்லை, ஊருக்குள் இருவரையும் சேர்த்துப் பார்த்தவர்கள் அப்படி நினைத்துக்கொண்டார்கள் என்று லூக்காவே எழுதுகிறார். எபேசியர் நிருபம் “பிரிவினையாகிய நடுச்சுவரைத் தகர்த்து” என்று சொல்லும்போது இந்தச் சுவர்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. எனக்கும்தான்.

கேள்வி: ரோம அதிகாரிகள் எல்லோரும் நல்லவர்களாகவே வருகிறார்கள். பிலாத்துகூடக் கை கழுவிவிட்டு நழுவுகிறான். இது அரசியல் இல்லையா? (வரலாற்று மாணவர்)

அரசியலும்தான். தம்பி, உங்கள் மூக்கு சரியாகவே வேலை செய்கிறது.

நூற்றுக்கு அதிபதிகளை முதலில் தள்ளிவைப்போம். கப்பர்நகூம் அப்போது ஏரோது அந்திப்பாவின் (ஆலயம் கட்டிய ஏரோதின் மகன்) ஆட்சிப்பகுதி. ரோமப் படைப்பிரிவு அங்கே முகாமிட்டிருக்கவில்லை. அந்த அதிபதி அந்திப்பாவிடம் வேலை பார்த்த யூதரல்லாத அதிகாரியாக இருந்திருக்கலாம். அந்த ஊர் ஜெப ஆலயத்தைக் கட்டிக்கொடுத்தவர் என்கிறார் லூக்கா. அப்படிப்பட்டவர்கள் நிஜமாகவே இருந்தார்கள். இன்றைய துருக்கியில் உள்ள அப்ரோதீசியாஸில் 1976-இல் கிடைத்த ஒரு தூணில், யூதர்களின் பெயர்களோடு ‘தேயோசெபெய்ஸ்’, அதாவது தேவனுக்குப் பயப்படுகிறவர்கள், என்று ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களின் பெயர்ப்பட்டியல் இருக்கிறது. அவர்களில் நகரசபை உறுப்பினர்களும் உண்டு. சுவிசேஷங்களுக்கு வெகுகாலம் பிந்திய கல்வெட்டு அது. ஆனாலும் மதம் மாறாமலேயே ஜெப ஆலயத்தைச் சுற்றி நின்ற வேற்றினத்தார் லூக்காவின் கற்பனை அல்ல என்று அது காட்டுகிறது.

பிலாத்து வேறு. கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்டவன். செசரியாவில் 1961-இல் கிடைத்த கல்வெட்டில் அவன் பெயரும் ‘பிரிஃபெக்டஸ்’ (ஆளுநர்) என்ற பதவியும் இருக்கின்றன. அவனைப் பற்றி அலெக்சாந்திரியாவின் யூதத் தத்துவஞானி பிலோ எழுதுவது லஞ்சம், வன்முறை, விசாரணையில்லாத கொலை. கெரிசீம் மலைக்குக் கூடிவந்த சமாரியர்களை அவன் படை வெட்டியது. புகார் மேலே போய், பதவி போனது. சுவிசேஷத்திலேயே ஒரு விரிசல் இருக்கிறது: லூக்கா 13-இன் முதல் வசனத்தில், சில கலிலேயருடைய இரத்தத்தை அவர்களுடைய பலிகளோடே கலந்தவன் பிலாத்து. இந்த ஆள்தான் பத்து அதிகாரம் கழித்து, ‘இவனிடத்தில் ஒரு குற்றமும் காணேன்’ என்று மூன்று தரம் தயங்குகிறான். மத்தேயு ஒரு படி மேலே போய்க் கையைக் கழுவவைக்கிறார்.

ரோம் எருசலேமைத் தரைமட்டமாக்கியது கி.பி. 70-இல். சுவிசேஷங்கள் பெரும்பாலும் அந்தப் புகை மண்டலத்துக்குள்ளோ அதற்குப் பிறகோ எழுதப்பட்டவை. அவற்றை வாசித்தவர்கள் ரோமின் நகரங்களில் வாழ்ந்தவர்கள். எங்கள் ஆண்டவரை ரோமின் ஆளுநரே குற்றமற்றவர் என்றார் என்று சொல்வது அவர்களுக்குத் தேவைப்பட்டது. அந்தத் தேவைக்கு விலை கொடுத்தவர்கள் யூதர்கள். பிலாத்தின் கையிலிருந்து வழிந்த தண்ணீர் அத்தனையும் அவர்கள் தலையில் விழுந்தது, பல நூற்றாண்டுகளுக்கு. இதைச் சொன்னதற்காக ஒரு கூட்டத்தில் என்னிடமிருந்து ஒலிபெருக்கியை வாங்கிவிட்டார்கள். பரவாயில்லை, எனக்குக் குரல் பெரிது.

கேள்வி: யூதர்கள் பிற இனத்தாரோடு பழகவே மாட்டார்களாமே? பேதுருவே அப்படித்தானே சொல்கிறார்?

சொல்கிறார், அப்போஸ்தலர் 10-இல். யோப்பாவில், தோல் பதனிடுகிற சீமோன் வீட்டு மேல்மாடியில் பசியோடு காத்திருக்கும்போது, வானத்திலிருந்து ஒரு துப்பட்டி இறங்குகிறது. அதில் எல்லா வகை மிருகங்களும். ‘அடித்துப் புசி’ என்று குரல். பிறகு செசரியாவில் ரோம நூற்றுக்கு அதிபதி கொர்நேலியு வீட்டுக்குள் நுழைந்ததும், அந்நிய ஜாதியானோடு கலந்து பழகுவது யூதனுக்கு விலக்கப்பட்டிருக்கிறது என்கிறார்.

தோராவில், அதாவது மோசேயின் ஐந்து ஆகமங்களில், அப்படிப் பொதுவாக ஒரு சட்டம் கிடையாது. அலெக்சாந்திரியா, அந்தியோகியா, ரோம் என்று எல்லா நகரங்களிலும் யூதர்கள் மற்றவர்களோடு வாழ்ந்தார்கள், வாங்கினார்கள், விற்றார்கள். எருசலேம் ஆலயத்தின் வெளிப்பிராகாரத்தில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம். சிக்கல் சாப்பாட்டில்தான்: என்ன இறைச்சி, எந்தத் தெய்வத்துக்குப் படைத்தது, யார் ஊற்றிய திராட்சரசம். அதிலும் ஆளுக்கு ஆள் கண்டிப்பு வேறுபட்டது. லூக்கா இங்கே கோட்டைக் கொஞ்சம் தடித்தே வரைகிறார். கோடு தடித்திருந்தால்தானே தாண்டுவது தெரியும்.

நிஜமான தகராறு கலாத்தியர் 2-இல் இருக்கிறது. அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத சகோதரர்களோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து அங்கிருந்த சபைத் தலைவர் யாக்கோபின் ஆட்கள் வந்தார்கள். பேதுரு மெல்ல எழுந்து விலகினார். அவரைப் பார்த்து மற்ற யூதரும் விலகினார்கள், பவுலின் ஊழியத் தோழர் பர்னபாவும்கூட. “பர்னபாவும்கூட” என்ற இடத்தில் பவுலின் தொண்டை அடைத்துக்கொள்வது இன்றும் கேட்கிறது. எல்லார் முன்பாகவும் பேதுருவை எதிர்த்து நின்றேன் என்கிறார். பேதுரு என்ன பதில் சொன்னார்? பவுல் எழுதவில்லை. ஜெயித்திருந்தால் எழுதியிருப்பார் என்பது என் அனுமானம். லூக்கா இந்தச் சண்டையைத் தொடவே இல்லை.

ஏறக்குறைய கி.பி. 49-இல் எருசலேமில் கூடிப் பேசி எடுத்த முடிவு அப்போஸ்தலர் 15-இல் இருக்கிறது: வேற்றினத்தாருக்கு விருத்தசேதனம் வேண்டாம், விக்கிரகப் படையல், இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம் இவற்றை விலக்கினால் போதும். இது புதிதாகக் கண்டுபிடித்த பட்டியல் அல்ல. இஸ்ரவேலின் நடுவே குடியிருக்கும் பரதேசிக்கு (அந்நியனுக்கு) லேவியராகமம் 17, 18 அதிகாரங்கள் வைக்கும் விதிகளின் சாயல் அதில் அப்படியே இருக்கிறது. அந்நியனுக்கு இடம் கொடுக்க, பழைய வீட்டிலேயே ஒரு அறை இருந்தது. யூத மதம் மூடிய கதவு, கிறிஸ்தவம் திறந்த கதவு என்று பேசுகிறவர்கள் லேவியராகமத்தையும் ரூத்தையும் யோனாவையும் ஒருதரம் புரட்டிப் பார்க்கட்டும்.

கேள்வி: லூக்கா யூதரல்லாதவரா?

மரபு அப்படித்தான் சொல்கிறது. கொலோசெயர் 4-இல் விருத்தசேதனமுள்ளவர்கள் என்று மூன்று பேரைச் சொல்லி முடித்தபிறகு, கீழே தனியாக வருகிறது வைத்தியனான லூக்காவின் பெயர். சுவிசேஷமோ தன் ஆசிரியரின் பெயரை எங்கும் சொல்லவில்லை.

கேள்வி: பவுலைத் தெய்வம் என்று கும்பிட்ட ஊர் எது? அந்த மக்களை வேதாகமம் கேலி செய்கிறதா? (ஓய்வுபெற்ற நூலகர்)

இரண்டு ஊர்கள் ஐயா, இரண்டும் அப்போஸ்தலர் நடபடிகளில். லீஸ்திராவில் சப்பாணி ஒருவன் எழுந்து நடந்ததும் ஜனங்கள் லிக்கவோனியா பாஷையில் கத்துகிறார்கள்: தேவர்கள் மனுஷரூபமாய் இறங்கி வந்துவிட்டார்கள்! பர்னபா யூப்பித்தர், பேசிக்கொண்டே இருந்ததால் பவுல் மெர்க்கூரி. பூசாரி எருதுகளோடும் மாலைகளோடும் வந்துவிடுகிறார். அந்தப் பாஷை புரியாமல் இவர்கள் இருவரும் முழித்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். இதே இரண்டு தெய்வங்கள் மாறுவேடத்தில் வந்து, ஏழைக் கிழத் தம்பதி ஒருவர் மட்டும் வரவேற்ற கதை பக்கத்துப் பிரிகியாவில் நடந்ததாக ரோமக் கவிஞர் ஓவிட் பாடியிருக்கிறார். அப்படியொரு கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் இரண்டாம்முறை ஏமாற விரும்பவில்லை, அவ்வளவுதான். கேலி இருக்கிறது. ஆனால் சிரித்து முடிப்பதற்குள் அதே ஊரில் பவுல்மேல் கல் விழுகிறது.

மெலித்தா, இன்றைய மால்டா, இதைத் திருப்பிப் போட்ட கதை. கப்பல் உடைந்து நனைந்து கரையேறியவர்களுக்குத் தீவார் நெருப்பு மூட்டுகிறார்கள். பவுல் கையில் விரியன் பாம்பு கவ்வியதும் ‘கொலைகாரன்’ என்கிறார்கள். அவர் சாகாததைப் பார்த்து ‘தேவன்’ என்கிறார்கள். லீஸ்திராவில் தேவனிலிருந்து கல்லடிக்கு. மெலித்தாவில் கொலைகாரனிலிருந்து தேவனுக்கு.

அந்தத் தீவாரைக் கிரேக்கத்தில் ‘பார்பரோய்’ என்கிறார் லூக்கா. காட்டுமிராண்டி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கிரேக்கம் பேசாதவன் என்பதுதான் அடிப்பொருள். பழைய தமிழ் வேதாகமம் ‘அந்நியராகிய அந்தத் தீவார்’ என்று நாகரிகமாகத் தாண்டியது. யூதனுக்குக் கிரேக்கன் வெளியாள். கிரேக்கனுக்கு யூதன் உட்பட மற்ற எல்லோரும் வெளியாள். அந்த வெளியாட்களைப் பற்றித்தான், “எங்களுக்குப் பாராட்டின அன்பு கொஞ்சமல்ல” என்று வருகிறது. தீவில் மூன்று மாதம் இருந்தார்கள். அங்கே ஒருவரும் ஞானஸ்நானம் பெற்றதாக லூக்கா எழுதவில்லை.

கேள்வி: கொரிந்துவில் ஒரு கிரேக்கன் சபையில் சேர்ந்துவிட்டான். அதன்பிறகு அவன் புறஜாதியா, இல்லையா? (தன்னை ‘எதிலும் சேராதவன்’ என்று எழுதியிருக்கும் வாசகர்)

மூட்டையிலேயே நல்ல கேள்வி உங்களுடையதுதான். பவுலுக்கே இதில் ஒரே பதில் இல்லை.

ரோமர் 11-இல் “புறஜாதியாராகிய உங்களுடனே பேசுகிறேன்” என்கிறார்; சேர்ந்தபிறகும் அவர்கள் புறஜாதியார்தான். காட்டொலிவக் கிளையை நல்ல ஒலிவமரத்தில் ஒட்டும் உவமை அங்கே வருகிறது. தோட்டக்காரன் நல்ல கிளையைத்தான் காட்டுமரத்தில் ஒட்டுவான். பவுல் தலைகீழாகச் சொல்கிறார், ‘சுபாவத்திற்கு விரோதமாய்’ என்று தானே ஒப்புக்கொண்டும்விடுகிறார். கூடவே ஒரு குட்டு: “நீ வேரைச் சுமக்காமல், வேர் உன்னைச் சுமக்கிறது.” வந்து சேர்ந்தவர்கள் அதற்குள்ளேயே பழைய கிளைகளைப் பார்த்து மீசை முறுக்க ஆரம்பித்துவிட்டார்கள் போலும்.

ஆனால் கொரிந்தியருக்கு எழுதும்போது, “நீங்கள் அஞ்ஞானிகளாயிருந்தபோது” என்கிறார். இறந்தகாலம்! கிரேக்கத்தில் அங்கேயும் ‘எத்னே’. கொரிந்துத் தெருவில் எந்த யூதனைக் கேட்டாலும் அந்த ஆள் இன்னும் வேற்றினத்தான்தான். பவுல் கணக்கில் இல்லை. சரி, அப்படியானால் அவன் யூதனா? அதுவும் இல்லை. அதே நிருபத்தின் பத்தாம் அதிகாரத்தில் யூதர், கிரேக்கர், தேவனுடைய சபை என்று மூன்றாக எண்ணுகிறார். ‘கிறிஸ்தவன்’ என்ற சொல்லைப் பவுல் தன் நிருபங்களில் ஒருதரம்கூட எழுதவில்லை. புதிய ஏற்பாடு முழுவதிலும் அது மூன்றே இடத்தில்தான் இருக்கிறது. ஆக, ஊருக்கு வெளியே வந்துவிட்டார்கள், போய்ச் சேர்ந்த இடத்துக்கு இன்னும் பெயர் இல்லை.

விக்கிரகங்களை விட்டு வந்த தெசலோனிக்கேயருக்கோ, ‘தேவனை அறியாத அஞ்ஞானிகளைப்போல’ நடக்காதீர்கள் என்று எழுதுகிறார். ‘எத்னே’வுக்கு, ‘எத்னே’யைப்போல இராதே என்று புத்திமதி. அங்கேயே சொல் கைமாறத் தொடங்கிவிட்டது. 1 பேதுருவில் முழுதாக மாறிவிடுகிறது. அந்த நிருபத்தைப் பெற்றவர்கள் பெரும்பாலும் யூதரல்லாதவர்கள். “முன்னே நீங்கள் தேவனுடைய ஜனங்களாயிருக்கவில்லை” என்று அதுவே சொல்கிறது. அவர்களுக்கு 2-ஆம் அதிகாரம் 9-ஆம் வசனத்தில் இஸ்ரவேலின் பழைய பட்டம் கிடைக்கிறது: ‘பரிசுத்த ஜாதி’. பன்னிரண்டாம் வசனத்தில் தங்கள் அக்கம்பக்கத்தாரை, நேற்றுவரை தாங்களும் அவர்களாகவே இருந்தவர்களை, அவர்கள் எப்படிப் பார்க்க வேண்டும் என்று வருகிறது. அங்கே ‘புறஜாதியார்’.

என் கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அந்த ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே பென்சிலால் ஒரு கோடு போட்டு, ஓரத்தில் ‘3’ என்று குறித்திருக்கிறேன். எத்தனை வசனத்துக்குள் இது நடந்தது என்பதன் கணக்கு அது.

வெளிப்படுத்தின விசேஷம் பற்றி வந்த நான்கு கடிதங்கள் அடுத்த இதழுக்கு. ஆசிரியர் இடம் கொடுத்தால்.